அப்பாவின் கேசட்டும் ஏசி3 என்கோடரும்

சொந்த ஊர் கோரமண்டல் என்று சொன்னால் இங்கே நியூஜெர்ஸியில் இருக்கும் தமிழர்கள் மூன்று விதமாகக் கேட்பார்கள். "ஓ, கடற்கரையோரமா?" என்பது ஒன்று. "ஹவுரா போற ட்ரெயின் பேராச்சே" என்பது இரண்டு. கே.ஜி.எஃப்-ல இருக்கு என்று விளக்கினால், 2018-ல் வந்த அந்தக் கன்னடப் படத்தின் பின்னணி இசையை வாயாலேயே போட்டுக் காட்டுவது மூன்றாவது ரகம். எங்கள் கோரமண்டலுக்கும் கடலுக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. பங்காருபேட்டையிலிருந்து மாரிக்குப்பம் போகும் பாசஞ்சரில் ஊர்காமுக்கு முன்னால் வரும் சின்ன ஸ்டேஷன் அது. சுற்றிலும் சயனைடு மேடு, வரிசை வரிசையாக லைன் வீடுகள், நடுவில் நாங்கள்.

இன்றைக்குச் சொல்ல வந்தது ஊர்க்கதை இல்லை, ஒரு சாஃப்ட்வேர் கதை. ஊர் தானாக உள்ளே வந்துவிடும், பொறுத்துக்கொள்ளவும்.

போன மாதம் அலமாரியைச் சுத்தம் செய்தபோது 2006-ல் நான் வீட்டிலேயே எரித்த நான்கு டிவிடிகள் கிடைத்தன. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். இரண்டு ஓடின. ஒன்று பாதியில் நின்றது. இன்னொன்றை, உள்ளே ஒரு தட்டு இருப்பதாகவே டிரைவ் ஒப்புக்கொள்ளவில்லை. நல்லவேளை, அதில் இருந்தது வேறொரு இடத்திலும் இருக்கிறது. அது ஏன் இருக்கிறது என்பதுதான் இந்தப் பதிவு. தாத்தா, பாட்டி குரல் இருக்கும் பழைய கேசட் ஏதாவது உங்கள் வீட்டில் கிடந்தால், கடைசி வரை படியுங்கள்.

2004-ல் அப்பா போய்ச் சேர்ந்தார். சாம்பியன் ரீஃப்ஸில் அண்டர்கிரவுண்ட் வேலை. 3 கிலோமீட்டருக்கும் அதிகமாக ஆழம் போன சுரங்கம். 2001 பிப்ரவரி 28-ல் மொத்தச் சுரங்கத்தையும் மூடிய பிறகு மூன்று வருடம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். இரண்டாம் வருட நினைவு நாளுக்கு அம்மாவுக்கு ஒரு டிவிடி செய்து அனுப்பலாம் என்று எனக்கு யோசனை. அப்போது டிவிடி ரைட்டர் மலிவாகியிருந்த நேரம். ஆளாளுக்கு வீட்டில் எதையாவது எரித்துக்கொண்டிருந்தோம்.

கையில் இருந்த சரக்கு இரண்டு. 1994-ல் நடந்த அக்கா கல்யாண வீடியோ கேசட், 2 மணி 8 நிமிடம். அதில் அப்பா நன்றாகத் தெரிகிறார், ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருப்பார்தான். அந்தக் காலத்து வழக்கப்படி வீடியோக்காரர் எல்லாச் சத்தத்தையும் எடுத்துவிட்டு முழுக்க சினிமாப் பாட்டாகப் போட்டிருந்தார். தாலி கட்டும்போது பாட்டு, சாப்பாட்டுப் பந்தியில் பாட்டு, அக்கா அழுதுகொண்டே கிளம்பும்போதும் பாட்டு.

இரண்டாவது சரக்கு ஒரு ஆடியோ கேசட். 1986-ல் மஸ்கட்டில் இருந்த சித்தப்பாவுக்கு அப்பா பேசி அனுப்பியது. கல்ஃபில் ஆள் இருந்த வீடுகளுக்கு இது தெரியும். டிரங்க் கால் காசுக்குக் கட்டுப்படியாகாது, கடிதத்தில் எழுதி மாளாது. டேப் ரெக்கார்டரை நடுவில் வைத்து எல்லோரும் பேசி, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவது. சித்தப்பா பத்திரமாக வைத்திருந்து 1998-ல் திரும்பி வந்தபோது கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு பக்கமும் சேர்த்து 52 நிமிடம். அப்பாவின் குரல் என்று எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.

கேசட்டைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றியது பெரிய வேலை இல்லை. பழைய டெக் ஒன்றைக் கராஜ் சேலில் வாங்கி, ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, லைன்-இன்னில் செருகி ஆடாசிட்டியில் பதிந்தேன். ஒரு காரியம் சரியாகச் செய்தேன். ஆடியோ சிடிக்கு விநாடிக்கு 44,100 மாதிரிகள், டிவிடிக்கு 48,000. ஆரம்பத்திலேயே 48,000-த்தில் பதிந்துவிட்டால் பிறகு மாற்ற வேண்டிய தொல்லை இல்லை. வேவ் ஃபைல் கிட்டத்தட்ட 600 மெகாபைட் வந்தது.

தலைவலி அதற்குப் பிறகுதான்.

டிவிடி வீடியோவுக்கு என்று ஒரு விதிப்புத்தகம் உண்டு. எம்.பி.3-யை அது சேர்த்துக்கொள்ளாது. வீட்டில் செய்கிறவனுக்கு நடைமுறையில் மூன்று வழிகள். ஒன்று, சுருக்காத பிசிஎம். ஸ்டீரியோவுக்கு விநாடிக்கு 1,536 கிலோபிட். இரண்டாவது, எம்.பி.2. மூன்றாவது, டால்பியின் ஏசி3. 192 கிலோபிட்டிலேயே ஸ்டீரியோ நன்றாக வரும், 448 வரை போகலாம்.

எனக்கு முதலில் கிடைத்தது எம்.பி.2. அப்போது எல்லோரும் வைத்திருந்த டிஎம்பெக்-எங்க் வீடியோவை மாற்றும்போதே எம்.பி.2 சத்தத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடும். அதன் உள் என்கோடர் பிடிக்கவில்லை என்றால் டூலேம் என்ற இலவச என்கோடரைப் பொருத்திக்கொள்ளலாம். ஊரில் அம்மாவுக்கு ஒரு பிரதி, டாலஸில் இருக்கும் சித்தப்பா மகளுக்கு ஒரு பிரதி என்று கணக்குப் போட்டிருந்தேன். டாலஸ் பிரதியை முதலில் பக்கத்து வீட்டு நண்பரின் பிளேயரில் போட்டுப் பார்த்தேன். படம் ஓடியது. சத்தம் இல்லை. வால்யூமை எவ்வளவு திருகியும் இல்லை. கம்ப்யூட்டரில் போட்டால் ஜம்மென்று கேட்கிறது.

விதிப்புத்தகத்தைப் புரட்டியதும் காரணம் புரிந்தது. இந்தியா, ஐரோப்பா பக்கத்து பால் முறை பிளேயர்கள் எம்.பி.2-வைப் பாடியே ஆக வேண்டும். அமெரிக்கப் பக்கத்து என்டிஎஸ்சி பிளேயர்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. சில பாடும், சில ஊமையாக உட்கார்ந்திருக்கும். அது பிளேயரின் தப்பே இல்லை. எம்.பி.2-வுக்கு ஒரு கும்பிடு.

அடுத்தது பிசிஎம். இரண்டு பக்கத்துப் பிளேயரும் பாடும், தரத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இடம்? சாதாரண டிவிடியில் 4.7 ஜிகாபைட்தான். கல்யாணமும் கேசட்டும் சேர்த்து சரியாக 3 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் விநாடிக்கு மொத்தம் 3,480 கிலோபிட் சொச்சம். அதில் 1,536-ஐ சத்தத்துக்குக் கொடுத்தால் படத்துக்கு மிச்சம் 1,945. பழைய வீடியோ கேசட் படத்தை அதில் அடைத்தால் மாப்பிள்ளை முகம் சதுரம் சதுரமாகத் தெரியும். ஏசி3 என்றால் சத்தத்துக்கு 192 போக 3,290 மிச்சம். ஆக, ஏசி3 என்று முடிவாயிற்று.

ஏசி3-க்கு எந்த என்கோடர்? டால்பியின் உரிமத்தோடு வரும் கட்டண மென்பொருள்கள் ஒரு பக்கம். ஃபேப்ரிஸ் பெல்லார்ட் 2000-ல் எழுதி எஃப்எஃப்எம்பெக்கில் சேர்த்த இலவச என்கோடர் இன்னொரு பக்கம். அதற்கு மேல்சட்டை போட்டாற்போல பீஸ்வீட், எஃப்எஃப்எம்பெக்-குயி என்று சின்னச் சின்ன மென்பொருள்கள் சுற்றிக்கொண்டிருந்தன. காசு கொடுத்தால் நன்றாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில் ஒரு கட்டண மென்பொருளின் 30 நாள் சோதனைப் பதிப்பை இறக்கினேன்.

எரித்துப் போட்டுக் கேட்டால் இரண்டு விசித்திரம். சத்தம் மொத்தமாகத் தாழ்ந்திருந்தது. அப்பா பேச்சை நிறுத்தும் இடத்திலெல்லாம் பின்னாலிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு இரைச்சல் அலை மாதிரி எழும்பி வந்தது. அவர் பேச ஆரம்பித்ததும் அடங்கியது.

ஏசி3 வெறும் சத்தத்தை மட்டும் சுருக்குவதில்லை. அதை எப்படி ஒலிக்க வேண்டும் என்று பிளேயருக்குச் சில குறிப்புகளையும் எழுதி அனுப்பும். அதில் டயலாக் நார்மலைசேஷன் என்பது ஒன்று. மைனஸ் 31 என்று வைத்தால் பிளேயர் சத்தத்தைத் தொடாது. மைனஸ் 27 என்று வைத்தால் 4 டெசிபல் குறைத்துவிடும். இன்னொன்று, மெல்லிய இடத்தை ஏற்றி உரத்த இடத்தை இறக்கும் அழுத்தம். மைனஸ் 27, 'ஃபிலிம் ஸ்டாண்டர்ட்' அழுத்தம் என்பதுதான் பல என்கோடர்களில் தானாக அமைந்திருக்கும். குண்டு வெடிப்பும் காதோடு பேசும் வசனமும் மாறி மாறி வரும் சினிமாவுக்கு அது சரி. என் அப்பா குண்டு போடவில்லை. தம்பியிடம் அரிசி விலை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த இரைச்சலைக் கேட்டதும் எனக்கு வேறு புத்தி போயிற்று. அழுத்தத்தை நிறுத்தியிருந்தால் போதும். நான் நிறுத்தியதோடு விடாமல், "இந்த இரைச்சல் எதுக்கு, அதையே எடுத்துடலாமே" என்று கிளம்பினேன். ஆடாசிட்டியில் அதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. யாரும் பேசாத ஓர் இடத்தைத் தேர்ந்து "இதுதான் இரைச்சல்" என்று அடையாளம் காட்ட வேண்டும். பிறகு முழு ஃபைலையும் கொடுத்தால் அந்த மாதிரிச் சத்தத்தை எங்கெங்கும் தேடிப் பிடித்துத் தணித்துவிடும்.

பேச்சில்லாத இடம் என்று இரண்டாம் பக்கத்தில் வாகாக ஒரு நான்கு விநாடி கிடைத்தது. அதைக் கொடுத்தேன். வேலை முடிந்தது. அப்பா குரல் கண்ணாடி மாதிரி வந்தது. இலவச என்கோடரையே எடுத்துக்கொண்டு, வெறும் பேச்சுக்கு எதற்கு 192 என்று 128-ல் சுருக்கி, இரண்டு பிரதி எரித்து, மெனுவில் அப்பா படம் போட்டு, பெங்களூர் கிளம்பிய ஒரு சக ஊழியரிடம் கொடுத்தனுப்பினேன். ரொம்பப் பெருமை எனக்கு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். அக்கா அழுதாள். பிறகு அம்மா.

"நல்லா கேக்குதுடா. அப்பா பக்கத்துல உக்காந்து பேசற மாரியே கீது."

"அப்புறம் ஏம்மா ஒரு மாதிரி பேசற?"

"ஒண்ணுமில்ல... எங்க உக்காந்து பேசறாருன்னே தெரியல. ஆஸ்பத்திரி ரூம்ல உக்காந்து பேசற மாரி கீது. நம்ம வூடு மாரி இல்ல."

"பழைய கேசட்டும்மா. பின்னாடி ஒரே இரைச்சல். அதைக் கஷ்டப்பட்டு எடுத்தேன்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னாள். "அது இரைச்சல் இல்லடா. ஸ்டவ்வு. நான் களி கெளறிக்கினு இருந்தேன்."

போனை வைத்துவிட்டு மூல வேவ் ஃபைலைத் திறந்தேன். இரண்டாம் பக்கத்தில் அந்த நான்கு விநாடிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று முதல் தடவையாக ஒழுங்காகக் கேட்டேன். அப்பா சித்தப்பாவிடம் சொல்கிறார்: "தம்பி, உங்க அண்ணி இங்கதான் கீறா. பேசச் சொன்னா பேச மாட்டேங்கறா. இந்தா, பேசு." மைக்கை அம்மா பக்கம் திருப்பியிருக்க வேண்டும், ஸ்டவ் சத்தம் பெரிதாகிறது. நான்கு விநாடி. அம்மா பேசவில்லை. "எனக்கு இன்னா பேசத் தெரியும்" என்று தலையை ஆட்டியிருப்பாள். பிறகு அப்பா சிரித்துக்கொண்டே தொடர்கிறார்.

அந்த நான்கு விநாடியைத்தான் "இதுதான் இரைச்சல்" என்று நான் அடையாளம் காட்டியிருக்கிறேன். 52 நிமிடத்தில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் அந்த அறையில் இருந்ததற்கு ஒரே சாட்சி அந்தப் பம்ப் ஸ்டவ். அதைத் தேடித் தேடித் துடைத்திருக்கிறேன்.

இன்னும் கேட்டேன். முதல் பக்கத்தின் கடைசியில், தூரத்தில் ஷிஃப்ட் சங்கு. என் துடைத்த பிரதியில் அது கொசு ரீங்காரம் மாதிரி தேய்ந்து கிடந்தது. 2001-க்குப் பிறகு ஊரில் அந்தச் சங்குக்கு வேலையில்லை. வேறு எங்கே போய் அதைப் பதிவேன்?

எங்கள் ஊரில் 1965-ல் ஒரு பெரிய விஷயம் நடந்தது. டாடா ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, சாம்பியன் ரீஃப்ஸில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்து, வானத்திலிருந்து வரும் நியூட்ரினோவின் தடத்தைப் பதிவு செய்தார்கள். மேலே மற்ற காஸ்மிக் கதிர்களின் தொந்தரவு அதிகம். அதை வடிகட்டத்தான் அவ்வளவு பாறையை மேலே வைத்துக்கொண்டு கீழே போனார்கள். அவர்களுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று தெரிந்திருந்தது. நான் அது தெரியாமலேயே வடிகட்டியைக் கையில் எடுத்தவன்.

மறுபடி உட்கார்ந்தேன். இந்த முறை இரண்டையும் ஒரே தட்டில் திணிக்கும் ஆசையை விட்டேன். கல்யாணம் தனி டிவிடி. பாட்டுதானே, ஏசி3 192 தாராளம். கேசட் தனி டிவிடி. பழைய போட்டோக்கள் மெதுவாக மாறிக்கொண்டிருக்கும், சத்தம் சுருக்காத பிசிஎம். 4.7 ஜிகாபைட் தட்டில் 600 மெகாபைட் போனால் போகட்டும். ஸ்டவ் சத்தம் மாதிரி எல்லா அலைவரிசையிலும் பரவிய இரைச்சல்தான் என்கோடர்களுக்கு ரொம்பக் கஷ்டமான விஷயம். 128-ல் அது தண்ணீருக்குள் கேட்கிற மாதிரி குழம்பிப் போகும். பிசிஎம்மில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இத்தனை மென்பொருளையும் அலசிவிட்டு, அப்பா கேசட்டுக்கு நான் கடைசியில் தேர்ந்தெடுத்த என்கோடர்: எதுவுமில்லை :-)

அந்த அனுபவத்தில் எனக்குப் படிந்தவை. இன்றைக்கு டிவிடி எரிப்பவர்கள் குறைவு, ஆனால் இது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

1. கேசட்டிலிருந்து ஏற்றிய மூல ஃபைலில் கை வைக்காதீர்கள். துடைப்பது, வெட்டுவது எல்லாம் பிரதியில். 2006-ல் என் ஹார்ட் டிஸ்க் 80 ஜிகாபைட், எப்போதும் நிரம்பி வழியும். அந்த 600 மெகாபைட்டை அழிக்கப் பலமுறை கை போனது. அம்மா ஸ்டவ்வைக் கேட்டதால் தப்பித்தது. இப்போது அதை ஃப்ளாக்கில் வைத்திருக்கிறேன். இடம் குறையும், ஒரு துளி தரமும் போகாது.

2. வீட்டில் எரித்த தட்டை நம்பாதீர்கள். என் நான்கில் இரண்டுதான் மிச்சம். இரண்டு மூன்று இடங்களில் பிரதி வையுங்கள்.

3. ஏசி3 தேவைப்பட்டால் இன்று எஃப்எஃப்எம்பெக் ஒன்றே போதும். அதன் காப்புரிமைகளும் 2017-ல் முடிந்துவிட்டன. டயலாக் நார்மலைசேஷன் மைனஸ் 31, அழுத்தம் வேண்டாம், ஸ்டீரியோவுக்கு 192-க்குக் கீழே போக வேண்டாம்.

4. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது தன் பங்குக்கு இன்னொரு முறை சுருக்கும். டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள்.

5. இரைச்சலை எடுப்பதற்கு முன், அந்த அறையில் இருந்தவர் யாராவது உயிரோடு இருந்தால், அவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு இப்போது 79 வயது. டிவிடி பிளேயர் எப்போதோ பழைய சாமான்காரரிடம் போய்விட்டது. போன வாரம் அக்கா மகன் போனில் அந்த ஃப்ளாக் ஃபைலைப் போட, வீடியோ காலில் நானும் இங்கிருந்து கேட்டேன். அப்பா ஏதோ ரேஷன் சர்க்கரை பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. திடீரென்று கையைத் தூக்கி, "இப்ப பாரு, அடைச்சிக்கும். பின்னு குத்துவேன்" என்றாள்.

இருபது விநாடி இருக்கும். ஸ்டவ் சத்தம் திணறியது, ஒரு நொடி நின்றது, புஸ்ஸென்று மறுபடி பிடித்துக்கொண்டது.

எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அந்த இடத்தில் அம்மா பின் குத்துகிறாள் என்று எனக்கு இதுநாள் வரை தெரியாது.